தாம்பரத்துத் தவளைக்குக் குளிர்காலம் எது?

குளிர்காலத்தில் தவளை எங்கே போகிறது, வசந்தம் வந்ததும் எப்படித் திரும்பி வருகிறது? பனி பெய்யும் நாடுகளில் பிறந்த கேள்வி இது. அங்கே ஏரி உறைகிறது, பூச்சிகள் மறைகின்றன, தவளையும் காணாமல் போகிறது. பனி உருகியதும் குட்டைகளில் முட்டை மிதக்கிறது. நம் வகுப்பறைகளிலும் ‘குளிர்கால உறக்கம்’ என்றதும் தவளைதான் எடுத்துக்காட்டு. தாம்பரத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் எழத்தான் வேண்டும். மார்கழியில் வீட்டார் எல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது சேலையூர் ஏரிப் பக்கம் தவளைச் சத்தம் இருக்கத்தானே செய்கிறது? அது அடங்குவது மாசி, பங்குனிக்குப் பிறகு. கத்திரி வெயிலில் அந்தப் பேச்சே இல்லை. ஆனி, ஆடியில் ஒரு மாலை இடி இடித்து ஒரு பாட்டம் மழை கொட்டினால் போதும், முந்தின நாள்வரை வெடித்துக் கிடந்த காலி மனையிலிருந்து காது அடைக்கும்படி கூச்சல் கிளம்பும்.

ஆக, இந்த ஊரில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தவளை கோடையில் எங்கே போகிறது? இதற்கு விலங்கியல் சொல்லும் விடை குளிர்கால உறக்கத்தின் கதையைவிடச் சுவையானது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் வட்டாரத்தில் இன்று நடக்கும் நிலமாற்றத்தை வேறு கண்ணால் பார்க்கவும் அது வைக்கிறது.

பனி நாட்டின் மூன்று வழிகள்

குளிர்நாட்டுத் தவளைகள் பனிக்காலத்தைக் கடக்க மூன்று வழிகள் வைத்திருக்கின்றன. முதல் வழி, தண்ணீருக்கு அடியில் கிடப்பது. ஐரோப்பாவின் பழுப்புத் தவளையும் வட அமெரிக்காவின் சிறுத்தைத் தவளையும் இப்படித்தான் செய்கின்றன. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால் குளத்தின் மேல் பனிப்பாளம் மூடினாலும் அடியில் இருப்பது உறைவதில்லை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். தவளையின் தேவையோ அந்தக் குளிரில் மிகக் குறைவு. நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தோல் வழியாகவே மூச்சு வாங்கி மாதக்கணக்கில் ஓட்டிவிடும். சேற்றுக்குள் முழுதாகப் புதைந்தால் மூச்சு முட்டும் என்பதால் சேற்றின் மேல்தான் படுத்துக்கிடக்கும்.

இரண்டாவது வழி, உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டு போவது. அமெரிக்கத் தேரைகள் குளிர் இறங்க இறங்கத் தாங்களும் கீழே இறங்குகின்றன.

மூன்றாவது வழிதான் உலகையே வியக்க வைத்தது. வட அமெரிக்கக் காட்டுத் தவளை தரையில் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் படுத்து, உறைந்தே போகிறது. உடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடும். இதயத் துடிப்பு நின்றுவிடும், மூச்சும் கிடையாது. தொட்டால் கல்லாங்கட்டி. வெயில் வந்து உருகியதும் முதலில் இதயம் துடிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் தவளை எழுந்து நகரும். சில தவளைகள் இப்படி உறைந்து பிழைப்பதை வில்லியம் ஷ்மிட் 1982இல் வெளியிட்டார். அதன்பின் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் அதன் வேதியியலைப் பல ஆண்டுகள் பிரித்துப் பார்த்தார்கள். தோலில் பனி பிடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கல்லீரல் தன் சேமிப்பைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் கொட்டுகிறது. நீரிழிவு நோயாளியைக் கிடத்திவிடும் அளவைவிடப் பலமடங்கு சர்க்கரை அது. அந்தச் சர்க்கரையும் யூரியாவும் செல்லுக்குள் பனி பிடிக்காமல் காக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ள நீர் மட்டும் உறைகிறது. அலாஸ்காவில் இயற்கையான இடத்திலேயே வைத்துக் கண்காணித்து 2014இல் வெளியான ஆய்வில் இந்தத் தவளைகள் மைனஸ் 18 டிகிரி வரை தாங்கி, 218 நாள் வரை உறைந்து கிடந்து உயிர் மீண்டன.

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்று உண்டு. குளிரே தவளைக்குத் துணை நிற்கிறது. தவளைக்குச் சொந்தமாக உடல்சூடு கிடையாது. சுற்றுப்புறம் 10 டிகிரி குளிர்ந்தால் அதன் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் தாமாகவே பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைந்துவிடும். செலவு குறைந்தால் கையிருப்பு நீடிக்கும். பனி நாட்டுத் தவளையை உறங்க வைப்பதில் பெரும் பங்கு வானிலைக்கே உரியது.

இங்கே குளிர் போதாது

சென்னையில் அந்தத் துணை கிடையாது. ஜனவரியில் அதிகாலை வெப்பநிலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அவ்வளவு இறங்கியது. இந்தக் குளிருக்கு எந்தத் தவளையும் படுக்காது. வட இந்தியாவில் கதை வேறு. நம்மூரிலும் காணப்படும் அதே பெருந்தவளை, கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். தமிழ்நாட்டில் உறைபனி என்றால் அது உதகை, அவலாஞ்சி போன்ற உயர்ந்த மலைப் பகுதிகளோடு சரி.

தாம்பரத்துத் தவளையின் நெருக்கடி தண்ணீர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றையும் கூட்டினால் சில சென்டிமீட்டர் தேறினால் அதிகம். பிறகு கத்திரி வந்து சேருகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

இந்தக் கணக்கு நமக்குச் சிரமம், தவளைக்கு உயிர்ப் பிரச்சினை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்தால் நீர் உள்ளே ஏறுகிறது. அதே தோல் வறண்ட காற்றில் நீரை வெளியே விட்டுவிடும். வாசலைத் திறந்துபோட்ட வீடு போன்ற உடல். பங்குனி வெயிலில் ஒரு பகல் முழுக்க வெட்டவெளியில் சிக்கிய தவளை சாயங்காலம் சருகாகிக் கிடக்கும்.

புறநகரின் குடிகள்

இந்த வட்டாரத்துத் தவளைகளைக் கோடையைக் கடக்கும் முறையை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் தண்ணீரை விட்டு நகராதவை. கல்லெறிந்தால் நீரின் மேல் தத்தித் தத்தி ஓடும் சிறு தவளை இதில் ஒன்று. இன்னொன்று பெரிய பச்சைத் தவளை. 1834இல் ரெனே லெஸ்ஸோன் அதற்கு விலங்கியல் பெயர் சூட்டியது புதுச்சேரித் தவளையை வைத்து. தவளை என்றால் பூச்சி தின்னும் என்றுதான் படித்திருக்கிறோம். வளர்ந்த பச்சைத் தவளைகள் நீர்த்தாவரங்களின் இலையையும் தின்பதைத் தென்னிந்தியாவில் ஆய்ந்து இந்திரநீல் தாஸ் 1996இல் எழுதினார். ஏரி வற்ற வற்ற இந்த இனங்கள் எஞ்சிய குட்டைக்கும், கிணற்றுக்கும், கல்குவாரிப் பள்ளத்துக்கும் ஒதுங்குகின்றன. திரிசூலத்திலும் நன்மங்கலத்திலும் கல்லெடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் கோடையிலும் தண்ணீர் நிற்பது இவற்றுக்கு வாய்ப்பு. இன்னொரு வாய்ப்பு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், கழிவுநீர். கழிவுநீர் கலக்கும் ஏரி கோடையிலும் முழுதாக வற்றுவதில்லை. அழுக்கைத் தாங்கும் தத்துத் தவளை அங்கே ஆகாயத்தாமரைக்கு இடையே ஆண்டு முழுவதும் குடியிருக்கும்.

இரண்டாவது கூட்டம் நம் வீட்டை நம்பியவை. சொறித்தவளை பூந்தொட்டிக்கு அடியிலும் செங்கல் அடுக்கிலும் படிக்கட்டு இடுக்கிலும் பகலைக் கழித்துவிட்டு, இரவில் விளக்கடியில் பூச்சி பிடிக்க வரும். தேரை என்று நாம் சொல்லும் மரத்தவளை இன்னும் உரிமையோடு குளியலறைக்குள் வந்து, குழாய்க்குப் பின்னாலோ தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியிலோ ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் தேரையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சுவரில் ஒட்டியதும் அது சும்மா இருப்பதில்லை. முன்காலைத் தூக்கித் தலையைத் துடைக்கிறது. பின்காலை வளைத்து முதுகையும் விலாவையும் வழித்து விடுகிறது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். எண்ணெய்க் குளியலுக்கு முன் உடம்பெல்லாம் தேய்ப்பவரின் நிதானம் அதில் இருக்கும். ஹார்வி லில்லிவைட்டும் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் அஜய் குமார் மிட்டலும் சகாக்களும் இந்தப் பழக்கத்தை ஆய்ந்து 1997இல் எழுதினார்கள். தேரையின் தோல் சுரப்பிகளிலிருந்து சளியும் கொழுப்பும் கலந்த ஒரு திரவம் கசிகிறது. கால்களால் அதை உடம்பெங்கும் பூசிக்கொண்டபின், கைகால்களை மடக்கி உடலோடு அணைத்து, வயிற்றைச் சுவரோடு ஒட்டி, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. பூச்சு காய்ந்ததும் தோல்வழி நீரிழப்பு குறைகிறது. சுவரில் நாள் முழுக்க அசையாமல் ஒட்டியிருக்கும் தேரையை விரட்டுவது, அதன் தண்ணீர்க் கணக்கைக் குலைப்பதாகும்.

மூன்றாவது கூட்டம் தோண்டிகள். ஐரோப்பியத் தவளையின் குளிர்கால உறக்கத்துக்கு இங்கே நிகரானது இவற்றின் கோடை உறக்கம்தான். பெருந்தவளை, 1853இல் மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன் கர்நாடகச் சமவெளியிலிருந்து விவரித்த அதன் தடித்த உறவினன், மணலில் புதையும் வளைத்தவளை, பலூன் போல ஊதிய உடலும் குட்டைக் கால்களும் கொண்ட உருண்டைத் தவளை, முதுகில் செங்காவி வரி ஓடும் வண்ணத்தவளை ஆகியவை இதில் அடக்கம். இவற்றில் பலவும் அறிவியலுக்குப் புதியவை அல்ல. எட்கர் தர்ஸ்டன் 1888இலேயே தென்னிந்தியத் தவளைகளின் பட்டியலை மதராஸ் அருங்காட்சியகத்தின் சார்பில் வெளியிட்டுவிட்டார்.

வளைத்தவளை தோண்டுவதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பின்பாதத்தின் ஓரத்தில் அதற்கு மண்வெட்டி போன்ற ஒரு கெட்டியான மேடு இருக்கிறது. தலையை மேலே வைத்தபடி இடம் வலமாக உடலை அசைத்து, பின்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்புறமாகவே இறங்குகிறது. முதலில் இடுப்பு மறையும், பிறகு முதுகு. கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் தரைமட்டத்தில் தெரியும். அவையும் உள்ளே போனதும் மேல்மண் சரிந்து மூடிக்கொள்ளும். வளை என்று பெயர்தான். எட்டிப் பார்க்க ஓட்டை எதுவும் இருக்காது. அதனால்தான் நம் காலடியிலேயே தவளை உறங்குவது நமக்குத் தெரிவதில்லை. உருண்டைத் தவளைக்கு மண்ணுக்குள் இன்னொரு லாபமும் உண்டு. அதன் முக்கிய உணவான கறையானும் எறும்பும் அங்கேயே கிடைக்கும்.

மண்ணுக்குள் நடப்பது

வெயிலில் தரையின் மேற்பரப்பு கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆனால் பகல், இரவு வெப்ப ஏற்ற இறக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். அங்கே ஈரமும் எஞ்சியிருக்கும். தவளை தேடிப் போவது அந்த அடுக்கைத்தான். அங்கும் குளிர் என்று எதுவும் இல்லை. மண் 30 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குளிர்நாட்டில் வானிலை இலவசமாகக் கொடுத்த சிக்கனத்தை இங்கே தவளை தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தோண்டும் தவளைகளை அளந்தபோது, வெப்பநிலை மாறாமலேயே அவை தம் ஆற்றல் செலவை ஓய்வு நிலையிலிருந்து 70 முதல் 80 சதவீதம் வரை குறைத்துக்கொள்வது தெரிந்தது. சூடான உடலோடு உறங்கும் இந்தக் கலை குளிர்கால உறக்கத்தைவிடக் கடினமானது.

எரிபொருள் கொழுப்பு. பிளஸ் டூவில் விலங்கியல் படித்து, தவளையை அறுத்த தலைமுறைக்கு ஒன்று நினைவிருக்கும். வயிற்றைத் திறந்ததும் சிறுநீரகத்தின் மேல்பக்கம் மஞ்சள் விரல்கள் போலக் கொத்தாகத் தெரியும் கொழுப்புத் திரள்கள். மழைக்காலத்தில் தின்று சேர்த்த சொத்து அது. கோடை உறக்கத்தின் செலவும், மழை வந்ததும் முட்டையிடும் செலவும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே போகின்றன. மழைக்காலத்தில் பூச்சி கிடைக்காமல் போனால் அதன் விலையைத் தவளை அடுத்த சித்திரையில் கொடுக்கும்.

தண்ணீருக்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று சிறுநீர்ப்பை. தவளையின் சிறுநீர் மிக நீர்த்தது. தேவைப்படும்போது அதை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் நீர்த்தாங்கித் தவளை தன் எடையில் பாதி அளவுக்குக்கூட இப்படிச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போகும்; வறட்சியில் பழங்குடியினர் அதைத் தோண்டி எடுத்துப் பிழிந்து குடித்திருக்கிறார்கள். உரிந்த தோலை அடுக்கடுக்காகப் போர்த்தி ஒரு கூடும் செய்துகொள்ளும். இரண்டாவது ஏற்பாடு யூரியா. உறங்கும் தவளை கழிவான யூரியாவை வெளியேற்றாமல் உடலிலேயே தேக்கிக்கொள்கிறது. உடல்நீரின் அடர்த்தி கூடுவதால், அரைகுறை ஈரம் உள்ள மண்ணிலிருந்தும் தோல் வழியாக நீர் உள்ளே வருகிறது. அமெரிக்கப் பாலைவனத் தோண்டித் தேரைகளில் இது 1960களிலேயே காட்டப்பட்டது. அலாஸ்காவில் உறைபனிக்கு எதிராக உதவும் அதே யூரியா, பாலைவனத்தில் வறட்சிக்கு எதிராக உதவுகிறது.

மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் நம் தசை கரைந்துவிடும். கை முறிந்து மாவுக்கட்டு போட்டவர்களுக்கு அது தெரியும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வரித்தோண்டித் தவளைகளை ஆராய்ந்தவர்கள், நீண்ட உறக்கத்துக்குப் பிறகும் அவற்றின் தாவும் தசைகள் பெரிதாகத் தேயவில்லை என்று கண்டார்கள். மழை கேட்ட இரவிலேயே வெளியே வந்து துணை தேடித் தாவ வேண்டிய உயிருக்கு அந்தத் தசை போய்விட்டால் எல்லாம் போயிற்று.

கல்லுக்குள் தேரை

இந்த மறைவு வாழ்க்கையை நம் முன்னோர் கவனிக்காமல் இல்லை. தன் வாயால் கெடும் தவளை எல்லோருக்கும் தெரியும். பழமொழி நானூற்றில் வரும் அந்தத் தவளை குளத்தில் இருப்பதல்ல, மணலுக்குள் மறைந்து கிடப்பது. பிடிப்பவருக்கு அது இருக்குமிடத்தை அதன் குரல்தான் காட்டிக்கொடுக்கிறது. வளைத்தவளையை நேரில் அறிந்தவர் சொல் அது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறான் என்பது. கல்லை உடைத்தபோது உள்ளிருந்து உயிரோடு தேரை குதித்தது என்ற கதைகள் ஐரோப்பாவிலும் ஏராளம். ஆக்ஸ்போர்டின் நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் இதைச் சோதித்தே பார்த்தார். 1825 நவம்பரில் நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக்கல்லிலும் இறுக்கமான மணற்கல்லிலுமாக 24 தேரைகளைத் தனித்தனிக் குழிகளில் அடைத்து, கண்ணாடி போட்டு மூடி, தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்து எடுத்தபோது மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்துக் கிடந்தன. சுண்ணாம்புக்கல்லில் இருந்த பெரிய தேரைகள் பல உயிரோடிருந்தன. மறுபடி புதைத்ததில் அடுத்த ஆண்டுக்குள் அவையும் போய்ச்சேர்ந்தன. காற்றும் ஈரமும் கசியும் இடுக்கில் தேரை நெடுநாள் தாங்கும். முழுதாக மூடிய கல்லில் தாங்காது. பல்லாவரத்துக் குன்றுகளின் கல் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல்வகை இதுதான். அதனால்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அந்தப் பெயர் வைத்தார். அவ்வளவு இறுகிய கல்லுக்குள் தேரை வாழ வழியில்லை. கல்லின் வெடிப்பில் வாழும். குவாரித் தொழிலாளி கண்டதும் வெடிப்புக்குள் ஒடுங்கிய தேரையாகத்தான் இருக்க வேண்டும்.

எழுப்புவது எது?

பனி நாட்டில் நாள் நீள்வதும் வெப்பம் ஏறுவதும் தவளையை எழுப்புகின்றன. மண்ணுக்கடியில் இருளில் கிடக்கும் வெப்பநாட்டுத் தவளைக்கு அந்தத் தகவல் எட்டாது, எட்டினாலும் பயனில்லை. தண்ணீர் வந்ததா என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும். மண் நனைந்து ஈரம் கீழிறங்கித் தோலைத் தொடுவது ஒரு செய்தி. இன்னொன்று சத்தம். மார்க் டிமிட்டும் ரொடோல்ஃபோ ருய்பாலும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், சிறு மின்மோட்டாரை வைத்துத் தரையை அதிரவைத்தபோது, ஒரு சொட்டு ஈரம் இல்லாமலேயே பாலைவனத் தோண்டித் தேரைகள் மேலே வந்துவிட்டன. மழைத்துளி தரையில் மோதும் தாழ்ந்த அதிர்வை அவை அழைப்பாக எடுத்துக்கொள்கின்றன. முதல் இடிமழை பெய்த அதே இரவில் காலி மனை முழுக்கக் குரல் எழுவதைக் கேட்ட யாருக்கும் இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

எழுந்ததும் ஒரே ஓட்டம்தான். பழுப்பாகக் கிடந்த ஆண் பெருந்தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, கன்னத்தில் இரண்டு நீலப் பைகளை ஊதிக் கத்தும். பெண் தேரை தண்ணீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ உட்கார்ந்து, தான் சுரக்கும் திரவத்தைப் பின்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். சில நாளில் பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே தண்ணீரில் விழும். தோண்டித் தவளைகள் ஏரியைத் தேடுவதில்லை; மழையில் நிரம்பிய பள்ளமே அவற்றுக்குப் பிடித்தம். அங்கே மீன் கிடையாது. ஆனால் அந்தக் குட்டை எப்போது வற்றும் என்று தெரியாது. கால் முளைத்து வால் மறைவது முந்துமா, வெயில் முந்துமா என்பதே பந்தயம். அமெரிக்கப் பாலைவனத்துத் தோண்டித் தேரை ஒன்று ஒன்பது நாளுக்குள் இந்தப் பந்தயத்தை முடித்துவிடும். நம்மூர்த் தவளைகளுக்கு வாரக்கணக்கில் தண்ணீர் வேண்டும்.

ஆகவே சென்னைத் தவளைக்கு ஆண்டில் இரண்டு வசந்தம். ஆனி, ஆடியின் இடிமழை முதல் அழைப்பு. அதை நம்பி இட்ட முட்டைகள் பாதியில் காய்வதும் உண்டு. ஐப்பசி அடைமழை இரண்டாவது, நம்பகமானது. இரண்டும் தவறும் ஆண்டும் உண்டு. 2019இல் ஏறத்தாழ 200 நாள் மழையில்லாமல் கிடந்த நகரில் ஜூன் 20 அன்றுதான் சொல்லும்படியாக மழை பெய்தது. சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டிருந்தன. நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம். மண்ணுக்குள் கிடந்தவற்றின் கொழுப்பும் ஈரமும் எத்தனை நாள் நீடித்தனவோ அத்தனை நாள் அவை உயிரோடிருந்தன. மழை மிஞ்சினாலும் தொல்லைதான். 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படியொரு வெள்ளத்தில் ஏரியும் பள்ளமும் ஒன்றாகும்போது, மீன் இல்லாத குட்டைகளுக்குள்ளும் மீன் புகுந்துவிடும். தலைப்பிரட்டைக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை.

படுக்கை யார் கணக்கில்?

இதுவரை சொன்னதெல்லாம் ஓர் இடத்தில் வந்து சேர்கிறது. தவளைக்கு இரண்டு வீடு வேண்டும்: முட்டையிடத் தண்ணீர், கோடையில் படுக்க மண். முதல் வீட்டுக்கு இன்று ஓரளவு குரல் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் தூர்வாரப்பட்டன. தவளைக்கால் ஏற்றுமதி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் அளவில் நடந்தபோது, பெருந்தவளையும் பச்சைத் தவளையும் 1985இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின; 1987இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. பிடிப்பதிலிருந்து சட்டம் காப்பாற்றியது.

இரண்டாவது வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அது இருப்பது நாம் வெறும் நிலம் என்று சொல்லும் இடங்களில். லேஅவுட் போட்டு வீடு எழும்பாத மனை, ஏரிக்கரையின் சரிவு, வயல் தரிசாகி முள் படர்ந்த மேடு, வீட்டுக்குப் பின்னால் இரண்டடி அகலத் தோட்டம். ஒரு மனையில் சவுடு கொட்டி மட்டம் ஏற்றி ரோலர் ஓட்டினால், அடியில் உறங்கியவை அடியிலேயே போய்விடும். வாசல் முழுக்க பேவர் பிளாக் பதித்தால், மழை வந்தாலும் ஈரம் இறங்காது. மேலே வரவும் வழி கிடையாது. ஏரியை மீட்கிறோம் என்று கரையை நேர்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதைக்குச் சிமென்ட் போட்டு, மின்விளக்கு வைத்தால் ஏரியில் தண்ணீர் நிற்கும். அதன் விளிம்பில் தோண்டிக்கொள்ள ஒரு சாண் மண் மிஞ்சாது. முதல் மழையன்று மனையிலிருந்து குட்டைக்குப் போகும் தவளையின் பாதையில் இப்போது வேளச்சேரி சாலையோ முடிச்சூர் சாலையோ குறுக்கே கிடக்கிறது.

இன்னும் படுக்கை மிச்சமிருக்கும் இடங்கள் உண்டு. 1937இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் 365 ஏக்கர் புதர்க்காட்டு வளாகம், வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள், உயிரியல் பூங்காவின் காட்டுப்பகுதி ஆகியவை. இவை தனித்தனித் தீவுகள். இவற்றுக்கு நடுவே உள்ள நூறு நூறு காலி மனைகளும் தோட்டங்களும்தான் அவற்றை இணைத்து வந்தன. அவை ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் ஒரு பக்கக் கரையையாவது மண்சரிவாகவே விடலாம். பூங்காவில் கிளறாத, மூடாத ஒரு மூலையை ஒதுக்கலாம். வீட்டு முற்றத்தில் பாதியையாவது கல் பதிக்காமல் வைக்கலாம். நிலத்தடி நீர் இறங்குவதற்காக இதையே எத்தனையோ ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் மழையன்று எந்தத் தெருவில் எந்தத் தவளை கத்தியது என்று பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் குறித்துவைத்தால், எந்தப் படுக்கை காலியானது என்று பத்து ஆண்டில் தெரிந்துவிடும்.

தாம்பரம் மாநகராட்சியில் ஏரிக்காக வகுக்கும் திட்ட அறிக்கைகளில் கொள்ளளவு இருக்கும், கலங்கலின் உயரம் இருக்கும், நடைபாதையின் நீளம் இருக்கும். ஏரி வற்றும் ஐந்து மாதத்தில் அதில் வாழ்ந்தவை எங்கே படுக்கும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நம் வேலை. பனி நாட்டுத் தவளைக்குக் குளிர் துணை இருக்கிறது. இங்குள்ளதற்கு மண் ஒன்றுதான் துணை; அதை விட்டுவைப்பதா மூடுவதா என்பது நம் கையில் இருக்கிறது.